குசினிப் பிளக்கும் கறுப்புக் கம்பியும்

எங்கள் ஊரான இணுவிலில் வந்து இறங்கிய மறுநாள் காலை, கேத்திலைச் சுவர்ப் பிளக்கில் செருகிவிட்டு அதன் முன்னால் கைகட்டி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். தண்ணீர் சூடாகவில்லை. நான் இருக்கும் ரொறன்ரோவில் குசினிப் பிளக்குகளுக்குச் சுவிச் கிடையாது. செருகினால் மின்சாரம் வந்துவிடும். இங்கே ஒவ்வொரு பிளக்கோடும் ஒரு சுவிச் இருப்பதை அடியோடு மறந்துபோயிருந்தேன். என் தோளுக்கு மேலால் ஒரு கை நீண்டு வந்து அதைப் போட்டது. என் தங்கையின் கணவர் சுகந்தனின் கை. "அங்கை உது இல்லைத்தானே மச்சான்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, வெளியில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. நான் பிறந்த வீட்டைத் தங்கைக்குச் சீதனமாக எழுதியபோது மனம் நிறையச் சம்மதித்தவன் நான். வீட்டைக் கொடுப்பது வேறு, அந்த வீட்டில் அம்மா குரல் கொடுத்தால் ஓடிப்போகிற உரிமையைக் கொடுப்பது வேறு என்று அப்போது தெரியவில்லை. போத்தல் மூடி திறபடவில்லையா, கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லையா, அம்மா கூப்பிடுவது மருமகனை. நான் எழும்பினால், "நீ இரு மோனை, களைச்சு வந்தனி," என்பார். வந்து ஒரு கிழமை ஆன பிறகும் நான் களைத்து வந்தவன்தான். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது பொறாமையேதான்.

குசினிப் பிளக்குகள் மூன்றும் பழுப்பேறி ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றின் ஓரம் கருகியும் இருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ரொறன்ரோ வீட்டுக் குசினிப் பிளக்குகள் அத்தனையையும் நானே மாற்றியவன். இந்த ஒரு வேலையிலாவது மருமகனுக்கு முந்திவிடலாம். சுகந்தன் வேலைக்குப் போனதும் புதுப் பிளக்குகள் வாங்க மருதனார்மடத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "எவடம் அண்ணை?" என்று கேட்டார். "இணுவில்," என்றேன். "அதில்லை, எந்த நாடு?" என்றார். ஊர்க்காரனாகத் தெரியவேண்டுமென்று சாரமும் செருப்பும் போட்டுப் போனதெல்லாம் வீண்.

மெயின் சுவிச்சை நிறுத்தி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். அம்மா கதிரையைக் குசினி வாசலில் போட்டு இருந்து பார்த்தார். "உனக்கு உந்த வேலையெல்லாம் தெரியுமே?" என்றார். "ஓம் அம்மா, அங்கை எல்லாம் நாங்கள்தான் செய்யிறது," என்றேன். கேத்தில் கொதித்தது, கிரைண்டர் சுற்றியது. தேத்தண்ணி குடித்தபடி அம்மா பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். அந்தப் பகல் முழுவதும் அம்மா வேறு யாரையும் கூப்பிடவில்லை.

மாலையில் விளக்கு வைத்தார். விளக்கென்றால், குசினித் தட்டில் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பிளக்கில் செருகியிருக்கும் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு. கும்பிட்டு முடித்துச் சுவிச்சை நிறுத்தினார். பல்பு அணையவில்லை, மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. "பிள்ளையாருக்குப் போக மனமில்லை," என்று அம்மா பூரித்துப்போனார். அப்போதுதான் வேலையால் வந்த சுகந்தன் அதைப் பார்த்துவிட்டு, "மாமி, உதிலை கை வையாதையுங்கோ," என்றார்.

"மலிவுப் பல்பு, அப்பிடித்தான் எரியும்," என்றேன் நான். என்றாலும் பல்பைக் கழற்றி மற்ற இரண்டு புதுப் பிளக்குகளிலும் செருகிப் பார்த்தேன். இரண்டிலும் அதே கதை. நான் கைவைக்காத முன்னறைப் பிளக்கில் செருகினேன். சுவிச்சை நிறுத்தியதும் நல்ல பிள்ளைபோல அணைந்தது. பழுது பல்பில் இல்லை. சுவிச்சை நிறுத்திவிட்டு, மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிற ரெஸ்ரரைப் புதுப் பிளக்கின் ஓட்டைக்குள் விட்டேன். பளிச்சென்று எரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

மெயினை நிறுத்திக் கழற்றியதும் விளங்கியது. ரொறன்ரோவில் மின்சாரம் கறுப்புக் கம்பியில் வரும், வெள்ளையில் திரும்பும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் சிவப்பில் வரும், கறுப்பில் திரும்பும். அங்கே போன புதிதில், கறுப்புத்தானே என்று நம்பித் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவன் நான். அந்த அடியில் படித்ததைக் கை மறக்கவில்லை; சிவப்புக்குரிய இடத்தில் கறுப்பை வைத்துப் பூட்டியிருந்தது. அதனால் சுவிச் திரும்பிப் போகும் வழியை மட்டும் வெட்டியது. நிறுத்திய பிறகும் மின்சாரம் பிளக்குக்குள்ளேயே நின்றது. அம்மா சுவிச்சை நிறுத்திவிட்டு, வயரைப் பிடுங்காமலே ஈரத்துணியால் கிரைண்டரைத் துடைக்கிறவர்.

சுகந்தன் பக்கத்தில் நின்று ரோச் வெளிச்சம் பிடித்தார். "அங்கை கறுப்பிலையே வாறது?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்."

"அப்ப ஆருக்கும் மாறும்தானே," என்றார். அம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை நக்கலடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த நல்ல குணத்தின் மேலும் பொறாமைப்படவேண்டியதாகப் போயிற்று.

மூன்றையும் மாற்றிப் பூட்டி, ரெஸ்ரர் வைத்துப் பார்த்து, பல்பைச் செருகினேன். "சரி அம்மா, இனிப் பயமில்லை. போட்டுப் பாருங்கோ," என்றேன். அம்மாவின் விரல் சுவிச்சுக்குக் கிட்டப் போய் நின்றது. என்னைத் தாண்டிப் பார்த்து, "தம்பி, தொடலாமே?" என்றார். தம்பி என்றது சுகந்தனை.

"மச்சான் சரியாத்தான் செய்திருக்கிறார் மாமி. தொடுங்கோ," என்றார் அவர். அதன் பிறகுதான் அம்மா தொட்டார்.

இப்போது ரொறன்ரோவில் காலை. அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டே கேத்திலைச் செருகுகிறேன். அங்கே மாலை, விளக்கு வைக்கும் நேரம். டக்கென்று சுவிச் போடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. "ஆரம்மா போட்டது?" என்கிறேன். "வேறை ஆர், தம்பிதான்," என்கிறார். என் கேத்தில் இரைய ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் பெருவிரலால் வெறுஞ்சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்.