சோப்பு ஏற்றிய இன்ஜின்

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றினால் அதை டீசலில் ஊறப்போட்டு, பிரஷால் தேய்த்து, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி முடுக்குகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"சோப்பண்ணே, அந்த போல்ட்டுக்கு அப்படியே பவுடரும் பூசி விடுங்க, கல்யாணத்துக்குப் போகுதுல்ல!" என்று வெல்டர் அந்தக் கோடியிலிருந்து கத்துவான்.

சோப்பு சிரிக்கமாட்டார். "அழுக்கோட மாட்டினது அழுதுகிட்டே திரும்பி வரும்டா" என்பார்.

பட்டறை அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், "வந்து பாத்துக்குங்க மாமா, நம்ம பட்டறைதானே" என்று கூப்பிட்டவன். அந்த 'நம்ம' இன்றுவரை வாசல் பலகைக்கு வந்து சேரவில்லை. வண்டிக்காரர்கள் வந்தால் மச்சினன் மேசைக்குப் பின்னாலிருந்து, "மாமா, கொஞ்சம் அடியில போய்ப் பாருங்களேன்" என்பான். மரியாதை வாயில் இருந்தது. மாமா வண்டிக்கு அடியில் இருந்தார்.

மல்லாந்து படுத்தே வயது ஐம்பத்து மூன்று ஆனபிறகு அவருக்கு ஒரு வழி திறந்தது. டைல்ஸ் கிடங்கு மேனேஜர் தன் வண்டியைச் சரிபார்க்க வந்தபோது, அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சொந்தமா ஒரு பிக்கப் வச்சுக்கிட்டு வாங்க. வருஷம் முழுக்க லோடு நான் தர்றேன். ஆனா ரெண்டு மாசம் கழிச்சு வர்ற ஒண்ணாந்தேதிக்குள்ள வண்டி பேப்பர் கையில இருக்கணும். உங்களுக்குப் பின்னாடி ஆள் நிக்குது" என்றார்.

பட்டறை மூலையில், பெட்ரோல் இன்ஜின் இறுகிப்போன ஒரு பிக்கப் கேட்பாரற்றுக் கிடந்தது. உடம்பு நல்ல உடம்பு, உயிர்தான் இல்லை. அதை வாங்கினார். பழைய இரும்புக்காரரிடம், பின்புறம் நசுங்கிய ஒரு வேனிலிருந்து டீசல் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடியாகக் கிடைத்தன. மனைவி வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "என் வளையல் இனிமே டீசல் குடிக்கும்" என்றாள். அவள் கோபத்தில் சொன்னாளா சிரிப்பில் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. டீசல் இன்ஜின் எடை கூடியது என்பதால் தாங்கிகளைத் தடித்த தகட்டில் புதிதாகச் செய்தார். கியர்பாக்ஸ் பழையதைவிட நான்கு விரற்கடை நீளம். அதற்காகப் பின்சக்கரத்துக்குப் போகும் நீளத்தண்டை அளந்து வெட்டி, லேத்தில் கொடுத்து ஆட்டமில்லாமல் வாங்கிவந்தார். கியர் கம்பி சீட்டுக்குப் பக்கத்தில் வந்து முளைத்தது. தரையில் அதற்கு வேறு ஓட்டை போட்டார். இதிலெல்லாம் கை தவறவில்லை.

இன்ஜின் வந்த முதல் ஞாயிறே, அதன் பக்கவாட்டில் புடைத்து நின்ற எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். இந்தக் கம்பெனி இன்ஜினை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். பிறகு அதன்மேல் கிரீஸ் தடவி, டேப்பும் ஒட்டினார். பிரஷ்கூட அதில் படக்கூடாது.

காகிதத்தை மகளிடம் கொடுத்தார். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இன்ஜின் மாற்றியதைப் பதிய, அந்த எண்ணோடு கொடுக்கவேண்டிய பதிவு அலுவலக விண்ணப்பம் அவள் பொறுப்பு.

"இன்ஜின் வாங்கின ரசீதையும் வச்சிருக்கேன். ரெண்டையும் பாத்து நிரப்பிடும்மா."

அவள் இரண்டையும் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

"நீ பாத்தா சரிதான்" என்று அவர் வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் நாள். இரண்டும் சேரும் முகத்தில் கடுகளவு துரு இருந்தாலும் கியர்பாக்ஸ் சாய்ந்து உட்காரும், தண்டு தேயும், ஒரே வருடத்தில் எல்லாம் போகும். இதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். கிரைண்டரை எடுத்து அந்த முகத்தையும், அதை ஒட்டிய ஓரங்களையும், மேலே துருவேறிக் கிடந்த தீப்பெட்டி அளவுத் தட்டையான இடத்தையும் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் தேய்த்தார். கடைசியில் அதில் அவர் முகம் தெரிந்தது.

"அதுலயே சவரம் பண்ணிக்கலாம் அண்ணே" என்றான் வெல்டர். அன்று மட்டும் சோப்பு சிரித்தார்.

வண்டி ஒரே திருகலில் எழுந்தது. மச்சினனே நாற்காலியை விட்டு எழுந்து வந்தான். "கை ராசிதான் மாமா. அப்ப நீங்க போயிடுவீங்க?" என்றான். குரலில் இருந்தது வாழ்த்து அல்ல.

பதிவு அலுவலகப் பரிசோதனை நாளில் மகளும் கூட வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு அவளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். சோப்பு முந்திக்கொண்டு டேப்பைப் பிரித்து, கிரீஸைத் துடைத்து, "நம்பர் இங்க சார்" என்றார்.

"இது அச்சுல வார்க்கும்போதே வர்ற நம்பருங்க. இந்த மாடல் இன்ஜின் பூரா இதேதான் இருக்கும். இந்த இன்ஜினுக்குன்னு அடிச்ச நம்பர் எங்க?" டார்ச் வெளிச்சம் பின்னால் நகர்ந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவுத் தட்டையில் நின்றது. வெளிச்சம் அதில் பட்டு இன்ஸ்பெக்டரின் முகத்திலேயே திருப்பி அடித்தது. "யார் இதைத் தேய்ச்சது?"

சோப்பு ஓரடி முன்னால் வந்தார். "நான்தான் சார். துரு இருந்துச்சு. சுத்தம் பண்ணினேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நம்பர் தேய்ச்ச இன்ஜினுக்கு எங்க ஆபீசுல ஒரே பேர்தான், திருட்டு இன்ஜின்."

"ரசீது இருக்கு சார்" என்று மகள் நீட்டினாள்.

"ரசீதுல நம்பர் இருக்கு, இன்ஜின்ல இல்லையேம்மா. இது அந்த இன்ஜின்தான்னு எதை வச்சு நான் எழுதுறது? வேற இன்ஜின் மாட்டிட்டு வாங்க. இதோட ரோட்டுல பாத்தா பிடிச்சு வச்சுருவோம். அய்யா வயசுக்காக இன்னிக்கு விடுறேன்."

திரும்பும் வழியெல்லாம் கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு முனகல் இல்லை, ஒரு அதிர்வு இல்லை. பாதி வழியில் மகள் வாய் திறந்தாள்.

"அப்பா, ரசீதுல நம்பருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து இருந்துச்சு. நீங்க எடுத்த படியில எழுத்தே இல்ல. ரெண்டும் வேற வேற நம்பர்."

"எப்ப பாத்த?"

"நீங்க குடுத்த அன்னிக்கே."

அன்றைக்கு அவர் கிரைண்டரைத் தொட்டிருக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"ஏம்மா கேக்கல?"

"உங்களுக்குத் தெரியாத இன்ஜினாப்பா? நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன். அதான் ரசீதுல இருந்ததையே எழுதிட்டேன்."

படித்தவள் பார்த்துவிட்டாள் என்று அவர் இருந்தார். கை தேர்ந்தவர் பார்த்துவிட்டார் என்று அவள் இருந்தாள். உன் தப்பு இல்லை என்று சொல்ல அவர் மூன்று தடவை வாயெடுத்தார். மூன்று தடவையும் கியரைத்தான் மாற்றினார்.

இரும்புக்காரர் கையை விரித்தார். "நான் நம்பரோடதான் குடுத்தேன். நம்பர் இல்லாம கொண்டாந்தா அது என் சரக்கே இல்ல." ஒண்ணாந்தேதி வந்தது. கிடங்கு லோடு பின்னால் நின்ற ஆளுக்குப் போனது. மகள் இன்ஸ்பெக்டரின் மேலதிகாரிக்கு மனுமேல் மனுவாக எழுதினாள்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடுங்கப்பா."

"நீ பாத்தா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசையப் படித்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த மனுவுக்கும் பதில் வரவில்லை.

வழி சொன்னவன் மச்சினன்தான். "விடுங்க மாமா. கரண்ட் போனா நம்ம பட்டறை படுத்துக்குது. ஜெனரேட்டருக்கு மாட்டிக்குவோம். அங்க எவன் வந்து நம்பர் கேக்கப்போறான்?"

சோப்பு தன் கையாலேயே இறக்கினார். போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை இழுத்துப் பிரித்தபோது, இரண்டு முகங்களும் வைத்தது வைத்தபடி மின்னின. எண்ணெய்க் கசிவு இல்லை, ஒரு துணுக்குத் துரு இல்லை. வெல்டர் எட்டிப் பார்த்தான். குனிந்து, கழற்றிக் கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கி டீசலில் ஊறப்போட்டான்.

கியர்பாக்ஸ் மேசைக்கடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. பிக்கப் பழைய மூலைக்கே போனது.

இப்போதெல்லாம் கரண்ட் போனால், மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "மாமா, கொஞ்சம் போட்டு விடுங்களேன்."

அவர் வண்டிக்கடியிலிருந்து ஊர்ந்து வருவார். கையைத் துடைக்காமலே போய்ச் சாவியைத் திருப்புவார். ஒரு நாளாவது அது இருமும், திணறும், மக்கர் பண்ணும் என்று நிற்பார். அது ஒரே திருகலில் எழும்.