பிமலின் மூடிய கை

நிக்கோபாரின் கச்சால் தீவு ஜெட்டியில் அன்று கப்பலைக் கட்ட முடியவில்லை. கடலைத் தூக்கித் தூக்கி இறக்கும் ஸ்வெல் அவ்வளவு. தள்ளி நங்கூரம் போட்டு நின்றோம். ரப்பர் தோட்டத்துக் கர்ப்பிணி ஒருத்தியை ஒரு நர்ஸோடு டிங்கி என்ற சின்னப் படகில் கொண்டுவந்தார்கள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. வலி எடுப்பதற்குள் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஏணி இறக்க வழியில்லாததால், இரும்புக் கூண்டை வின்ச் வயரில் கட்டி இறக்கி அவளைத் தூக்குவது என்று முடிவானது. வின்ச் ஆபரேட்டர் நான்.

நான் உட்காரும் இடத்திலிருந்து கீழே எதுவும் தெரியாது. டெக் ஓரத்தில் நிற்கும் சிக்னல்மேனின் கைதான் எனக்குக் கண். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு, கையை மூடினால் நிறுத்து.

சிக்னல்மேன் பிமல், மாயாபந்தர் பெங்காலி. லீவு விஷயத்தில் சண்டை போட்டு, எங்களுக்குள் ஒரு மாதமாகப் பேச்சே இல்லை.

கூண்டு டிங்கிக்குள் இறங்கியது. அந்தப் பெண்ணையும் நர்ஸையும் ஏற்றிவிட்டார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. பிமலின் விரல் மேலே சுழன்றது. லீவரை இழுத்தேன். உடனே கை மூடிக்கொண்டது. நிறுத்தினேன்.

டிங்கி ஏறி இறங்க, வயர் தொய்ந்து தொய்ந்து விறைத்தது. கீழேயிருந்து அவள் புருஷன் குரல் வந்தது.

"ஏன்ணே நிப்பாட்டிட்டீங்க? தூக்குங்கண்ணே! புள்ளத்தாச்சிண்ணே!"

பின்னாலிருந்து சீஃப் ஆபீசர் கத்தினார். "உடாவ்! ஜல்தி உடாவ்! க்யா தேக் ரஹா ஹை?"

தூக்கு என்று என் பாஷையிலேயே ஒருவன் கெஞ்சுகிறான். அதிகாரியும் அதையே சொல்கிறார். என்னோடு முகம் கொடுத்துப் பேசாத ஒருவனின் கை மட்டும் வேண்டாம் என்கிறது. ஒருவேளை இவன்தான் பயந்துபோய் நிற்கிறானோ? லீவர் என் கைக்குள்தான் இருந்தது. நான் இழுக்கவில்லை.

பிமலின் விரல் கீழ்நோக்கி ஒரு சுற்று சுற்றியது. கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடி மூடிய கை. அவன் கீழே என்னவோ சைகை காட்டினான். டிங்கி அலையில் மேலே வந்த கணத்தில் விரல் வேகமாகச் சுழன்றது. முழு வேகத்தில் தூக்கினேன். கூண்டு டெக்குக்கு மேலே வந்ததும்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தாள்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு பிமலிடம் போனேன். "க்யா ஹுவா தா?"

"ரஸ்ஸி," என்றான். டிங்கியின் கயிறு கூண்டின் காலில் மாட்டியிருந்ததாம். அதைக் கழற்றத்தான் கொஞ்சம் தளர்த்தச் சொன்னானாம். அப்படியே தூக்கியிருந்தால் டிங்கி கவிழ்ந்திருக்கும், கூண்டும் சாய்ந்திருக்கும். சொல்லிக்கொண்டே பீடி பற்றவைக்கப் பார்த்தான். விரல்கள் வெடவெடவென்று நடுங்க, தீக்குச்சி ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. நான் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

போர்ட் பிளேரில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

புதிதாக வருகிறவர்கள் சைகைகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கை காட்டுகிறவனிடமிருந்து சைகை மட்டும் வருவதில்லை. அவன் பயமும் லீவர் பிடித்திருப்பவனுக்கு வந்து சேர்ந்துவிடும். பிமல் தன் பயத்தை எனக்கு அனுப்பவில்லை. அந்தக் கை ஒரு துளி ஆடியிருந்தால், நான் இழுத்திருப்பேன்.