எல்லாரும் பழம் விட்ட நாள்

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் சிஸ்டர்மார் நடத்திய பெண்கள் பள்ளியில் என் அக்காதான் மாணவர் தலைவி. பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் பிரம்பு வேண்டாம், தலைவிகளே வட்டமாக உட்காரவைத்துப் பேசித் தீர்க்கட்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அக்காவை வீட்டில் கையில் பிடிக்க முடியவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் வாய்த்தகராறு வந்தபோதுகூட வட்டமாக உட்காரச் சொன்னாள். இரண்டு பேர் எப்படியடி வட்டமாக உட்காருவது என்று அம்மா கேட்டாள்.

அந்த வருடம் பாதியில் தேவகோட்டையிலிருந்து ஒருத்தி என் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அப்பா தச்சர். பட்டறையிலேயே குடியிருப்பு என்பதால் அவள் பின்னலில் மரத்தூள் ஒட்டியிருக்கும். பின்பெஞ்சுக்காரிகள் நாலைந்து பேர் அவளுக்கு ரகசியமாக ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் அழுதது அக்கா காதுக்குப் போனது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் வட்டம் போட்டோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போய்த் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்யும் குடும்பம். குற்றத்தை வாயால் சொன்னால்தான் மன்னிப்பு என்பது அக்காவுக்கு ஊறிப்போயிருந்தது.

“என்னன்னு கூப்பிட்டீகளோ, அத ஒளிக்காமச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க” என்றாள்.

“மரத்தூள்னு கூப்பிட்டேன். மன்னிச்சுக்க” என்று ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்னார்கள். அதுவரை எனக்கே அந்தப் பெயர் தெரியாது. அவள் தலையைக் குனிந்தபடியே எல்லோரிடமும் விரலை நீட்டி, அவசர அவசரமாகப் பழம் விட்டாள். நாங்கள் கைதட்டினோம். அக்காவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் பள்ளி விடும்போது ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று, “மரத்தூள் அக்கா, டாட்டா” என்றது. அதுதான் அவள் பெயர் என்று பாவம் நினைத்துக்கொண்டது.

மறுவாரம் அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார்.

“ஒங்க மேல குத்தமில்ல தாயி. நல்லாத்தான் பேசித் தீத்து வச்சிருக்கீக. இவதான் வரமாட்டேங்குறா” என்றார் அக்காவிடம்.

“எல்லார்ட்டயும் பழம் விட்டாளே” என்று அக்கா அழாத குறையாகக் கேட்டாள்.

கோயிலில் நாங்கள் குற்றத்தைச் சாமியாரின் காதில் மட்டும்தான் சொல்வோம். அது ஏன் என்று அக்கா யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எங்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் அவள் அத்தனை விரல்களையும் தொட்டாள் என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. அவளுடைய சொந்தப் பெயரை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பெயர்தான் வருகிறது.