அரசுத் திட்டமும் அறிவிப்பாளரின் திட்டும்

பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் மைக் பிடித்தவர் அந்த அறிவிப்பாளர். பக்கவாதம் வந்ததில் கை கால் தப்பித்தது, பேச்சு மாட்டிக்கொண்டது. மனதில் தண்ணீர் என்று இருக்கும், வாயில் பஸ் என்று வரும். தலையணை கேட்டாலும் பஸ்தான். கோபம் வந்தால் மட்டும் வசவு ஓர் எழுத்துப் பிசகாமல் கொட்டும்.

"திட்டு மூளையில வேற இடத்துலேர்ந்து வருதும்மா. அது தப்பிச்சிடுச்சு," என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்.

"அதுதான் முதல்ல போயிருக்கணும்," என்றாள் மனைவி.

அரசுக் காப்பீட்டில் கிடைத்த இருபது நாள் பயிற்சி முடிந்துபோனது. மீதியை மகளின் கம்பெனி எடுத்துக்கொடுத்த தனியார் பாலிசியில் தொடரலாம் என்று பார்த்தால், "அரசுல முடிஞ்சிடுச்சுன்னு கடிதம் கொண்டாங்க" என்றார்கள். அரசு அலுவலகத்திலோ, "தனியார்ல தர மாட்டோம்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். மனைவியின் செருப்புதான் தேய்ந்தது. மூன்றாம் தடவை அரசு அலுவலகத்தில், "நோயாளியை நேர்ல பாக்கணும்" என்றதால் அவரையும் கூட்டிப்போனாள்.

நாலு மேசை தாண்டி, ஒரு குமாஸ்தாவின் முன் உட்கார்ந்தார்கள். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "ஒரு ஜெராக்ஸ் குறையுது. மாடிக்குப் போய் மறுபடி முதல்லேர்ந்து வாங்க," என்றார்.

அறிவிப்பாளருக்கு உச்சந்தலை சுட்டது.

"ஏன்டா, மேலயும் கீழயும் அலைய விடறியே, நீ மனுஷனா மரக்கட்டையா?" என்று தொடங்கி, குமாஸ்தாவின் முப்பாட்டன் வரை போய்த் திரும்பினார். பழைய மைக் குரல். கடைசி வரிசைக்காரர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

குமாஸ்தா கோபப்படவில்லை. பேனாவைத் திறந்து, 'நன்றாகப் பேசுகிறார்' என்று கோப்பில் எழுதினார்.

மனைவி பதறிப்போய்க் கோப்பின் மேல் கையை வைத்தாள். "சார், ஒரு நிமிஷம். நான் யாருன்னு அவர்கிட்ட கேளுங்க."

"இவங்க யாரு சார்?"

அறிவிப்பாளர் அவளைப் பார்த்தார். யாரென்று தெரியாமலா? பெயர் தொண்டை வரை வந்து நின்றது. நெற்றி வியர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்.

"பஸ்."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மனைவி, அப்புறம் வரிசை முழுக்க. குமாஸ்தா எழுதியதை அடித்துவிட்டு, தானே மாடியேறிப் போய் முத்திரை போட்ட கடிதத்தோடு இறங்கி வந்தார்.

தனியார் கம்பெனி நாற்பது நாளுக்கு ஒப்புக்கொண்டது. மறு வாரம் பயிற்சிப் பெண் நோட்டைத் திறந்து, "ஆபீஸ்ல நீளமாப் பேசினாராமே. என்ன சொன்னார்னு சொல்லுங்கம்மா, குறிச்சுக்கறேன்," என்றாள்.

"நோட்டை மூடும்மா," என்றாள் மனைவி.