மிலாற்றைத் தொடாதீர்கள் என்றேன்

பாக்கியத்தைச் சோலைக்காட்டுக்குள் அனுப்பியவன் நான். அனுப்பவில்லை என்று பொய் சொன்னவனும் நானே!

நீங்கள் என்னை மேடையில் பார்த்திருக்கலாம். சுற்றுச்சூழல் தினம் வந்தால் போதும், கோத்தகிரிப் பள்ளிக்கூடங்களில் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். பூமி சூடாகிறது, புகையைக் குறைப்போம் என்று தொண்டை கிழியப் பேசுவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். கேட்கக் கேட்க எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்... இன்று சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் ஃபீல்டு ஆபீசர், கோயமுத்தூர்க்காரன். சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. வாரத்தில் பாதி நாள் வேலையே இல்லை.

அப்போதுதான் எங்கள் மேனேஜர் ஒரு திட்டத்தைப் பிடித்துவந்தார். உலக நாடுகள் கூடி, கரிப்புகையைக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவாம். எங்கோ ஒரு நாட்டு ஆலை தன் புகையைக் குறைக்காது; அதற்கு ஈடாக நாங்கள் இங்கே குறைத்துக் காட்டினால் எஸ்டேட்டுக்குப் பணம் தரும். செய்யவேண்டியது ஒன்றுதான். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகளை எரிக்காமல் மண்ணிலேயே மட்கவிட வேண்டும். அவ்வளவுதான்!

அவ்வளவுதானா? அந்தக் குச்சிக்கு லயத்து ஜனங்கள், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள், வைத்த பெயர் மிலாறு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் அவர்கள். கவாத்து முடிந்ததும் மிலாற்றைக் கட்டித் தலையில் சுமந்து போவது அவர்களுடைய பாத்தியதை. எந்தத் துரையும் அதில் கைவைத்ததில்லை. நான் வைத்தேன்.

"மிலாற யாரும் தொடக்கூடாதுங்க. ஊட்டுக்கு ஊடு கேஸ் அடுப்பு வருதுங்க" என்று பெருமையாக அறிவித்தேன்.

அடுப்பும் வந்தது, ஆளுக்கொரு சிலிண்டரும் வந்தது. அது தீர்ந்த பிறகு? சம்பளமே ஒழுங்காக வராதவர்கள் அடுத்த சிலிண்டருக்கு எங்கே போவார்கள்? ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை, சரி. தினமும் அந்த லயத்து வாசலைத் தாண்டிப் போன நான் ஏன் யோசிக்கவில்லை? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்குமா தெரியாது!

வெளிநாட்டார் பார்வையிட வருவதற்கு முதல் நாள். லயத்துக்குப் பின்னால் ஜனங்கள் ஒளித்துவைத்திருந்த மிலாற்றுக் கட்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி மலையில் பரப்பவைத்தேன். பரப்பி முடித்த கையோடு பாக்கியம் என்னிடம் வந்தார். புருஷனை இழந்தவர், தான் பார்க்கும் வேலையை வைத்துத்தான் அவருக்கு லயத்தில் வீடு. மகள் பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருந்தாள்.

"ஐயா, பிள்ள பெத்தவளுக்கு வெந்நீ வைக்க வழியில்ல. கேஸு தீந்து போச்சு. ஒரே ஒரு கட்டு குடுங்கய்யா."

"அத மட்டும் கேக்காதீங்க பாக்கியம். நாளைக்கு அவங்க வர்றாங்க. சோலைக்குள்ள போயி ரெண்டு சுள்ளி பொறுக்கிக்குங்க. நான் பாத்துக்கறேன்."

"அங்க காட்டெருமை நிக்கிதுன்னு சொல்றாங்களே..."

"அட, பகல்ல அது ஒண்ணும் பண்ணாதுங்க. போங்க."

முட்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கிவந்தார்கள். மறுநாள் விருந்தாளிகள் மிலாறு மூடிய மலையைப் படம்பிடித்துக்கொண்டு என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்! சோலையிலிருந்து அடுப்புக்குப் போன விறகின் புகை யார் கணக்கில் சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில், கட்டிலருகே நின்று மேனேஜர் விசாரித்தார். "உன்னைக் காட்டுக்குள்ள யார் போகச் சொன்னது?"

"ஐயாதான் சொன்னாங்க" என்றார் பாக்கியம், என்னைப் பார்த்து.

நான் அனுப்பினேன் என்றால் வைத்தியச் செலவு எஸ்டேட்டின் பொறுப்பு, வீடும் தங்கும். தானாகப் போனார் என்றால் அது திருட்டு விறகு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா!

வேலை செய்ய முடியாதவருக்கு லயத்தில் இடமில்லை. மகளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பாக்கியம் திருப்பூருக்குப் போய்விட்டார். கொஞ்ச காலத்தில் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று என்னைத் தேற்ற வராதீர்கள். அம்புக்கு வாய் கிடையாது. எனக்கு இருந்ததே ஐயா!

சென்ற வருடம் அவரைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்புங்கள்... ஒற்றை அறை. என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை.

"ஐயா, ரொம்ப நாளா மனசுல கெடக்குது. அன்னிக்கி தொரை முன்னால ஒங்க பேர இழுத்துவிட்டுட்டேன். நானாத்தான் போயிருப்பேன், வலியில மாத்திச் சொல்லிப்புட்டேன் போல. நீங்க பொய் சொல்ற ஆளு இல்லியே... மன்னிச்சிக்குங்கய்யா."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவால்லீங்க பாக்கியம்" என்றேன்.