வசனம் முடிந்தபின் காத்திருந்தவர்

போவன்பள்ளிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. தவமணி ஐயரின் மகள் பேசினாள். "அங்கிள், அப்பா போயிட்டாங்க. காபி குடிச்சாங்க, கொஞ்சம் படுக்கேன்னாங்க. பெறகு எழும்பல." அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பிய பிறகும் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். காரணம் துக்கம் மட்டுமன்று. அவர் நடத்திவந்த வெள்ளிக்கிழமை வேத வாசிப்பை இனி நான்தான் நடத்த வேண்டும் என்று சபையார் சொல்லிவிட்டார்கள். வசனத்தை வாசித்துவிட்டு அவரைப்போல் சும்மா இருக்க என்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை; அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லைச் சபைகளில் போதகரை ஐயர் என்றே அழைப்போம். இவர் இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் கற்பித்து ஓய்வு பெற்றவர். மகளோடு இந்தத் தெலுங்குச் சீமைக்கு, சைனிக்புரிக்கு வந்தபோது விளக்கவுரை நூல்களையெல்லாம் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். ரயில்வேயில் வரைபடம் போட்டுப் பழகிய நான், ஒவ்வொரு வாரமும் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறவன். அவரிடம் ஒரு நூலாவது இருக்குமா என்று கேட்டேன். "படிச்சது தப்பில்ல வே. படிச்சத ஒடனே சொல்லியாகணும்னு நெனச்சதுதான் தப்பு" என்றார்.

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது நம் வழக்கம். வசனம் முடிந்தால் அமைதி. பிறகு, கேட்டதை ஒருவர் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். நான் முன்கூட்டியே தலைகளை எண்ணி, எனக்கு விழப்போகும் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிடுவேன். என் உதடு அசைவதை ஐயர் கண்டுபிடித்துவிடுவார். "சார்வாள் எண்ணி முடிச்சிட்டாரு. இன்னைக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பிங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அவசரமாகப் பக்கத்தைத் தடவுவேன்.

மாதாப்பூர் மென்பொருள் அலுவலகங்களில் ஆட்குறைப்பு நடந்த வருடம். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபசிங் வீட்டில் கூடினோம். அவன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். மனைவி ஷீபா லாலாகூடாவில் பிறந்து வளர்ந்த ரயில்வே வீட்டுப் பெண்; ஏன் என்பதற்குக் 'கைக்கு' என்று உள்ளூர் உருது அவள் தமிழில் கலந்து வரும். நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அன்றைக்கு. அந்த வசனம் எனக்கு விழ வேண்டியது. மூலமொழியில் கவலை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தயாராக வைத்திருந்தேன். ஐயர் வழக்கம்போல வரிசையைத் திருப்பிவிட்டார். வசனம் ஜெபசிங்குக்குப் போனது.

பாதியில் அவன் குரல் நின்றுவிட்டது. அவனுக்கு உதவலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"பொறும் வே. அவன் இன்னும் வாசிச்சு முடிக்கல" என்றார் ஐயர்.

காத்திருந்தோம். ஜெபசிங் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு வேலை போயிட்டு, ஐயரே. கொஞ்ச நாளாச்சு."

ஷீபாவுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. "அப்போ டெய்லி ஐடி கார்டு மாட்டிட்டு எங்க போனீங்க?"

"பார்க்குக்கு."

"என்கிட்ட கைக்கு சொல்லல? நான் என்ன அடிச்சிருவேனா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஜெபசிங் விட்ட இடத்திலிருந்து ஐயர் வசனத்தை வாசித்து முடித்தார். பிறகு, "சாப்பாடு எடுத்து வைம்மா. எல்லாரும் இங்கதான் சாப்பிடுதோம்" என்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "வேலை போனவன்கிட்ட அத வெறுமனே வாசிச்சா குத்துற மாதிரி ஆகாதா, ஐயரே?"

"ஆகும். வாசிக்கது எளிமைதான், கேக்கது லேசில்ல. எளிமை வேற, லேசு வேற வே." நிறுத்தத்துக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார். "வாலிபத்துல ஒரு சாவு வீட்டுல முக்கா மணி நேரம் வெளக்கம் சொன்னேன். புருஷனப் பறிகொடுத்த அந்தம்மா ஒரு வார்த்த பேசல. பேச நான் எங்க எடம் விட்டேன்?"

மறுநாள் முதல் ஜெபசிங் பூங்காவுக்குப் போகாமல் ஐயர் வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து விண்ணப்பங்கள் அனுப்பினான். சில மாதங்களில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தான். வசனம் வேலை வாங்கித் தந்தது என்று சபையில் ஒருவர் சாட்சி சொன்னார். ஐயர் முகம் சுளித்தார். "வேலை கெடைக்காம இருந்தப்பவும் வசனம் இதையேதானே சொல்லிச்சு."

அவர் போன பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, சைனிக்புரியில் அவர் மகள் வீட்டிலேயே கூடினோம். காணாமற்போன ஆட்டின் உவமை. கடைசி வசனம் என்னிடம் வந்து முடிந்தது. சொல்வதற்கு மூன்று விளக்கங்கள் நாக்கு நுனியில் இருந்தன. நான் சொல்லவில்லை. அது விசுவாசமா, என்னோடு பிறந்த பயமா என்று எனக்கே தெரியாது. அமைதி நீண்டது. சிலர் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது ஐயரின் மகள் பேசினாள். "அப்பா போன அன்னைக்குக் காலைல என்னமோ சொல்ல வந்தாங்க. நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். அப்புறம்னு கைய காட்டிட்டேன்."

அதற்கும் என்னிடம் பதில்கள் இருந்தன. முன்பென்றால் ஏதாவது ஒரு வசனத்தின் எண்ணையாவது சொல்லியிருப்பேன். ஷீபா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயரின் மகள் இன்னும் நிறையப் பேசினாள். யாரும் குறுக்கிடவில்லை.

ஐயருடைய தெளிந்த விசுவாசம் எனக்கு வாய்க்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் காத்திருப்பு ஒன்றைத்தான். அது எனக்கு அமைதி தரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் வசனம் முடிந்ததும் சொல்லத் துடிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன், யாரோ ஒருவருக்குப் பேசவேண்டியிருக்கும் என்று.