கேன்டீன் பலகைக்குக் கிடைத்த பரிசு

கேன்டீனில் கை கழுவ நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. குழாய்க்கு மேலே ஒரு பலகை. தட்டில் மிச்சம் வைக்காதீர். தண்ணீரை வீணாக்காதீர். வேலையிடத்தில், நிலைமின்சாரம் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டை அணியாமல் எதையும் தொடாதீர். தினமும் பார்க்கிற பலகைதான். அன்று காலை, இதையே மடக்கி மடக்கி எழுதினால் கவிதை மாதிரி இருக்குமே என்று பட்டது. கையைத் துடைக்கக்கூட இல்லை. ஃபோனை எடுத்து, வாக்கியங்களை உடைத்து, மேலே 'தொடாதே' என்று தலைப்புப் போட்டு அந்தப் போட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

என் அறைத்தோழியைத் தேர்ந்தெடுத்திருந்த அதே போட்டிக்கு.

இருவருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே ஹாஸ்டல். அவள் கிருஷ்ணகிரிப் பக்கம் நாகரசம்பட்டிக்காரி. மாம்பழ சீசனில் பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகும் அவள் அம்மாவின் கையில், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் நிற்கும் வாசனையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தாள். நல்ல கவிதை. வாட்ஸப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அதை அனுப்பினாள். உடனே பதில்: "உங்கள் வரிகளில் ஈரம் ததும்புகிறது. உலக அளவிலான இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியுள்ளீர்கள்." பெங்களூரில் மேடை, சால்வை, கேடயம், தொகுப்பு நூல். மேடையேற மட்டும் கட்டணம் கட்ட வேண்டும், நூலும் கட்டாக வாங்க வேண்டும். அன்று மாலைதான் கெடு.

எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பாராட்டில் அம்மா இல்லை, மாம்பழம் இல்லை, கை இல்லை. யாருடைய கவிதைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். "நடுவர் யாருன்னு கேட்டியா?" என்று முந்தின நாள் மெதுவாக ஆரம்பித்தேன். "யாரோ பெரியவங்களாத்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? நானும் எழுதுகிறவள். என்னை இதுவரை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

ஷிஃப்டுக்குள் நுழையும்போது ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பதில் வந்ததா என்று தெரியாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மாஸ்குக்குள்ளிருந்து அவள் குரல்.

"அப்பா இன்னிக்கி கிருஷ்ணகிரி போறாரு. ஃப்ளெக்ஸ் அடிக்க. சுடிதார் போட்டோ நல்லாருக்குமா, பொடவை போட்டோவா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், பிளஸ் டூ பாசானாலும் ஃப்ளெக்ஸ். கீழ்வரிசையில் பங்காளி, மாமன், மச்சான் எல்லார் முகமும் வரும். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் ஏறிவிட்டால், இறக்கும்போது ஊரே ஏன் என்று கேட்கும். இதில் பெங்களூர் விழாவுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப்போக வேனும் பேசியாகிவிட்டதாம். அங்கே போய், வந்தவர்கள் எல்லோருக்கும் அதே சால்வை போர்த்துவதை அத்தைமார்கள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு இவள் எழுதுவாளா?

"சாயங்காலம் சொல்றேன்டீ."

"சாயங்காலத்துக்குள்ள அடிச்சே குடுத்துடுவாங்க. ஒனக்கு என்னாச்சு, மூஞ்சே சரியில்ல?"

சைரன் அடித்ததும் லாக்கருக்கு ஓடினேன். வந்திருந்தது. "உங்கள் வரிகளில் ஈரம் ததும்புகிறது." அதே வாக்கியம், அதே பூங்கொத்துப் படம், அதே கெடு.

கம்பெனி பஸ்ஸில் ஃபோனை அவளிடம் நீட்டினேன். முதலில் தன்னுடைய செய்தி என்றே நினைத்துவிட்டாள். மேலே தள்ளி என் 'கவிதை'யைப் படித்தாள்.

"இது நம்ம கை கழுவுற எடத்துல..."

"ஆமா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் தொழிற்பேட்டையைத் தாண்டியது. பிறகு, "நேத்தே நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வயித்தெரிச்சல்னு நெனச்சிருப்ப."

"நெனச்சிருப்பேன்தான்" என்றாள். கோபம் குறையவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்குத் தோன்றாதது. போட்டிக்காரர்களுக்கே எழுதினாள்: 'என் கவிதையில் உங்களுக்குப் பிடித்த வரி எது?' பஸ் சிக்னலில் நின்றது. இரண்டு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது: "எல்லா வரிகளும் அருமை. கட்டணத்தை விரைந்து செலுத்தவும்." கீழே பணம் அனுப்பும் கட்டம்.

உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் மெஷின் சத்தம்.

"பாப்பா, பொடவை போட்டோவே குடுத்துட்டேன். இப்பதான் ஓட்டப் போறாங்க."

"நிறுத்தச் சொல்லுப்பா."

"ஏன், சுடிதாரா?"

"எதுவும் வேணாம். அது ஏமாத்து வேலைப்பா. காசு கட்டுற எல்லாருக்கும் குடுக்கிறாங்க."

மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் கடைக்காரரிடம் ஏதோ தெலுங்கில் கத்துவது கேட்டது. சத்தம் நின்றது.

"அப்ப நீ அம்மாவப் பத்தி எழுதுனது?"

"அது நான் எழுதுனதுதான்."

"அது இருக்குதில்ல? அப்புறம் என்ன. வேன்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒங்கத்தைகிட்ட மட்டும் நீயே சொல்லிடு, என்னால ஆகாது."

ஃபோனை வைத்த பிறகு அழுதாள். நான் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டாள். ஹாஸ்டலில் இறங்கும்போது என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கிருஷ்ணகிரியில் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, எழுதியதை வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நடத்துகிறவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். சால்வை கிடையாது, சான்றிதழ் கிடையாது, டீ உண்டு. நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்வார்களாம். போன முறை வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டாராம். அதைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் பயம், எனக்கு நிறைய. போகலாம் என்று அவள்தான் சொன்னாள். வருகிற ஞாயிறு காலை பஸ் ஏறுகிறோம். அவள் அம்மாவின் கையைப் பற்றிய கவிதையை வாசிக்கப் போகிறாள். வெறுமனே உட்கார்ந்து பார்க்க வருவதானால் வராதே என்று எனக்கு உத்தரவு. நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் வரி மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.